வாடகை தரும் குடியினர்

சென்ற ஆண்டு செய்முறைத் தேர்வின் வாய்மொழி வினாவில், லெகுமினோசிக் குடும்பத்துச் செடிகள் அனைத்திற்கும் வேர்முடிச்சு உண்டு என்று உறுதியாகச் சொன்னேன். உளுந்தும் நிலக்கடலையும் பிடுங்கிப் பழகிய கை அல்லவா! பேராசிரியர் சிரித்துக்கொண்டே, "உங்கள் ஊரில் புளியமரம் இல்லையா, தம்பி?" என்று கேட்டார். புளியும் அதே குடும்பந்தான். அதன் வேரில் முடிச்சு கிடையாது. மதிப்பெண் போயிற்று. அந்த வெட்கத்தில் புளியின் உறவினர்களைத் தேடிப் படிக்கும்போது அறிமுகமானதுதான் ஹம்போல்டியா ப்ருனோனிஸ் என்னும் செடி.

உலகில் மேற்குத் தொடர்ச்சி மலையன்றி வேறெங்கும் இஃது இயற்கையாக வளர்வதில்லை. குடகு போன்ற பகுதிகளின் மழைக்காடுகளில் பெருமரங்களின் நிழலில் புதராகவும் குறுமரமாகவும் நிற்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஹம்போல்ட்டைச் சிறப்பிக்க 1794இல் டென்மார்க்குத் தாவரவியலார் வால் இப்பேரினத்துக்குப் பெயரிட்டார். நம் பழைய பாடநூல்கள் சிசால்பினியேசி என்று நிறுத்திக்கொள்ளும். 2017ஆம் ஆண்டின் வகைப்பாட்டின்படி இது புளி, அசோகு ஆகியவற்றோடு டெட்டாரியாய்டியே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தது. (அசோகு என்றால் சாலையோர நெட்டிலிங்கம் அன்று, உண்மையான அசோகு.)

இச்செடியின் சிறப்பு அதன் தண்டில் உள்ளது. சில கணுவிடைகள் பருத்து, உள்ளே குடைவாகி, பக்கத்தில் தாமாகவே ஒரு சிறு வாயிலும் திறந்துகொள்கின்றன. யாரும் துளைக்க வேண்டியதில்லை. அறை காலியாக ஆயத்தமாக இருக்கிறது. வியப்பு என்னவென்றால், எல்லாச் செடிகளிலும் இவ்வறைகள் இல்லை. அறையுள்ளதும் இல்லாததும் ஒரே காட்டில் அருகருகே நிற்கின்றன.

அறைகளில் எறும்புகள் குடியேறுகின்றன. இளம் இலைகளிலும் பூமொட்டுகளிலும் உள்ள தேன்சுரப்பிகள் அவற்றுக்கு உணவளிக்கின்றன. பதிலுக்கு எறும்பு, இலை தின்னும் பூச்சிகளை விரட்ட வேண்டும்; நாம் படித்த பாடம் அதுதான். ஆனால் இங்கே குடியிருக்கும் எறும்பினங்களுள் பல, காவல் வேலையே பார்ப்பதில்லை. போதாக்குறைக்கு மண்ணில் இருக்கவேண்டிய மண்புழு ஒன்றும் மேலேறி வந்து அறை பிடித்துக்கொள்கிறது! பூக்களில் மகரந்தம் சேர்க்கும் ஒரு சிறு தேனீயும் இங்கேயே கூடமைக்கிறது. அதன் வாடகையைப் பற்றிக் கேள்வியில்லை. மற்றவை இலவசக் குடியினரா?

பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ரெனீ போர்ஜஸ் குழுவினர் இதை ஆராய்ந்தனர். நைட்ரஜனில் நிறையெண் 14 உடையதே மிகுதி; 15 உடையது மிகக் குறைவு. ஆகவே 15ஐ உணவில் சேர்த்து ஊட்டினால் அது போகும் வழியைப் பின்தொடரலாம். 2014இல் வெளியான முடிவின்படி, காக்கும் எறும்பு மட்டுமன்றிக் காக்காத எறும்பும் மண்புழுவுங்கூடச் செடிக்கு நைட்ரஜன் அளிக்கின்றன. கழிவும் எச்சமும் அறைக்குள் சேர, அறைச்சுவர் அதன் சத்தை உறிஞ்சிக்கொள்கிறது. உளுந்து வேரின் வழியே தேடுவதை, இந்தச் செடி தண்டின் வழியாகவும் பெறுகிறது.

எங்கள் வீட்டில் வயலுக்குப் போகாமல் உண்பவன் நான் ஒருவனே. வேலை செய்யாத எறும்பைப் பற்றி இவ்வளவு ஆர்வமாகப் படித்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். விடுமுறையில் அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கினேன். பள்ளிக்கூடம் போகாத அவர் புழுவுக்கும் வியக்கவில்லை, எறும்புக்கும் வியக்கவில்லை.

"எரு எங்கே விழுந்தா என்னடா, செடிக்குத் தெரியாதா? இதுக்கா இத்தனை வருசம்?" என்றார்.

– இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், தாவரவியல்