சர்க்கரை நோயாளி ஒளித்துச் சாப்பிடுகிறாரா? திட்டுவதற்கு முன் குடும்பம் தெரிந்துகொள்ள வேண்டியவை

"திரும்பவும் ஸ்வீட்டா? சுகர் எவ்வளவு இருக்குன்னு தெரியுமா?"

சர்க்கரை நோயாளி உள்ள வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. அப்படிப்பட்ட வீடுகள் இந்தியாவில் ஏராளம். ஐசிஎம்ஆர் ஆதரவில் நடந்து 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது. கோவாவில் 26.4 சதவிகிதம், தமிழ்நாட்டில் 14.4 சதவிகிதம்.

இவர்களில் சிலருக்குப் பிரச்னை நாக்கு ருசி மட்டும் அல்ல. வயிறு நிறைந்த பிறகும் நிறுத்த முடியாது. பாக்கெட்டை ஒளித்து வைப்பார்கள், சாப்பிட்டுவிட்டுக் குற்றவுணர்ச்சியில் தவிப்பார்கள், மறுநாளும் அதேதான். இதை 'உணவு அடிமைத்தனம்' என்கிறார்கள். 2009-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை அளக்க ஒரு கேள்வித்தாளையே உருவாக்கினார்கள். மனநல மருத்துவர்கள் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டில் இந்தப் பெயரில் நோய் இல்லை. இதற்கு நெருக்கமான 'பிஞ்ச் ஈட்டிங்' கோளாறு இருக்கிறது, அதற்குச் சிகிச்சையும் உண்டு. பெயர் எதுவானாலும், 'மனசு வெச்சா விட்டுடலாம்' என்று சொல்லிவிடக்கூடிய விஷயம் அல்ல இது.

திட்டினால், கண்காணித்தால் என்ன ஆகும்? பல நேரம் சாப்பிடுவது நிற்காது, கண்ணில் படாமல் போகும், அவ்வளவுதான். ஆபத்து தொடங்குவதும் அங்கேதான். ஒளித்துச் சாப்பிட்டது டாக்டருக்குத் தெரியாது. ரிப்போர்ட்டில் உள்ள எண்ணைப் பார்த்து அவர் இன்சுலினைக் கூட்டலாம். பிறகு ஒருநாள் திட்டுக்குப் பயந்து நோயாளி சாப்பாட்டைக் குறைத்தால், அதே டோஸ் சர்க்கரையை மளமளவென இறக்கிவிடும்.

இன்சுலின் அல்லது கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவருக்குத் திடீரென வியர்வை, கை நடுக்கம், அகோரப் பசி வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நினைவு தப்பியிருந்தால் வாயில் எதுவும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். அந்த நேரத்தில் 'ஆசையைப் பாரு' என்று கையில் இருப்பதைப் பிடுங்குவது உயிருக்கே உலை வைக்கும்.

சரி, வீட்டில் என்னதான் செய்வது? கிலோ கணக்கில் மிக்சர் வாங்கி வைத்துவிட்டு 'நீங்க மட்டும் தொடாதீங்க' என்பது எந்த ஊர் நியாயம்? 2019-இல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் கெவின் ஹால் குழு 20 பேரிடம் ஒரு சோதனை நடத்தியது. ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்திய உணவு தரப்பட்ட இரண்டு வாரங்களில், அவர்கள் நாளுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். அவர்கள் நீரிழிவு நோயாளிகள் அல்ல. ஆகவே மாற வேண்டியது மொத்த வீட்டின் மளிகைப் பட்டியல். வேளாவேளைக்குச் சாப்பாடும் முக்கியம். பகலில் பட்டினி கிடந்தால் ராத்திரி கை தானாக டப்பாவைத் தேடும்.

பேச்சும் மாறணும். "ஏன் சாப்பிட்டீங்க?" என்பதைவிட "இன்னைக்கு என்னப்பா ஆச்சு?" என்று கேட்டால் உண்மை வெளியே வர வாய்ப்பு அதிகம். அந்த உண்மையை அவரே டாக்டரிடம் சொல்ல, கூடவே போங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம்.