ஒரே பானம், எத்தனை கோப்பைகள்!

தேநீரை தேசிய பானமாக அறிவிக்கும் திட்டம் கைகூடவில்லை. ஆனால் தேசத்தின் குணங்கள், குறைகள் எல்லாம் அந்தக் கோப்பைக்குள் எப்போதோ வந்து சேர்ந்துவிட்டன.

2012 ஏப்ரலில் அசாமின் ஜோர்ஹாட் நகரில் தேயிலைத் தோட்ட அதிபர்கள் சங்கத்தின் பவள விழா நடந்தது. அன்றைய திட்டக் கமிஷன் துணைத் தலைவர் மான்டேக் சிங் அலுவாலியா அதில் பேசும்போது, அடுத்த ஆண்டு ஏப்ரல் 17க்குள் தேநீர் இந்தியாவின் தேசிய பானமாக அறிவிக்கப்படும் என்றார். விழாவில் நல்ல கைத்தட்டல். வெளியேதான் வம்பு. கர்நாடகக் காபித் தோட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். தேசிய பானம் என்று ஒன்று உண்டென்றால் அது பாலாகத்தான் இருக்க முடியும் என்றது குஜராத்தின் அமுல். அறிவிப்பு வரவே இல்லை. தேசிய விலங்கு, பறவை, மலர் எல்லாம் உள்ள நாட்டுக்கு தேசிய பானம் மட்டும் அமையவில்லை.

அது ஒன்றும் பெரிய நஷ்டமல்ல. ஆண்டுக்குச் சுமார் 130 கோடி கிலோ தேயிலை விளையும் நாட்டில், அதில் ஐந்தில் நான்கு பங்கை நாட்டு மக்களே குடித்துத் தீர்க்கிறார்கள். கொல்கத்தாவின் மண் குவளை, மும்பையின் 'கட்டிங்', ஐதராபாத்தில் உஸ்மானியா பிஸ்கட்டோடு வரும் இரானி சாய், காஷ்மீரத்தில் உப்பும் சோடாவும் சேர்ந்து இளஞ்சிவப்பாக நிற்கும் நூன் சாய், மலபாரின் சுலைமானி, லடாக்கின் வெண்ணெய்த் தேநீர் என்று ஊருக்கு ஒரு ருசி. பாராளுமன்ற உறுப்பினரும் பாரம் தூக்குபவரும் ஒரே நாளில் பல முறை செய்யும் காரியம் இந்த நாட்டில் அதிகம் இல்லை. டீ குடிப்பது அதில் ஒன்று.

இத்தனை பழக்கப்பட்ட பானம் ஏதோ வேத காலத்திலிருந்து வருவதைப் போலத் தோன்றும். உண்மையில் வயது நூறைத்தான் தாண்டியிருக்கிறது. அசாம் காடுகளில் தேயிலைச் செடி முன்பே இருந்தது. சிங்ஃபோ பழங்குடியினர் அதைப் பக்குவப்படுத்தி மூங்கில் குழாயில் அடைத்து வைத்துக் குடித்தார்கள். 1823இல் ராபர்ட் புரூஸ் என்ற வெள்ளைக்காரர் அதைத் தெரிந்துகொண்டதும் கதை மாறியது. 1839இல் அசாம் கம்பெனி பிறந்தது. அதே ஆண்டு அசாம் தேயிலை லண்டனில் ஏலம் போனது. அங்கே விற்பதற்காகவே இங்கே காடுகள் அழிந்து தோட்டங்கள் எழுந்தன. இந்தியர்கள் இதைக் குடிப்பார்கள் என்று அப்போது யாரும் எதிர்பார்க்கவில்லை.

பெயர் கூட இரவல்தான். சீனாவிலிருந்து தரை வழியாகப் போன இடங்களில் 'சா' என்ற சொல்லும், ஃபூஜியன் மாநிலத் துறைமுகங்களிலிருந்து டச்சுக் கப்பல்களில் போன இடங்களில் 'தே' என்ற சொல்லும் ஒட்டிக்கொண்டன. வட இந்தியாவுக்கு 'சாய்' கிடைத்தது. மலையாளி 'சாய' குடிக்கிறார், ஆனால் அதைத் 'தேயில'யில்தான் போடுகிறார். 'டீ' என்பது ஆங்கிலம் என்று ஒதுக்கிவிட்டு 'தேநீர்' என்று தமிழில் எழுதுகிறவர்கள் அதிலுள்ள 'தே' சீனக் கடற்கரையிலிருந்து வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். நீர் மட்டுமே நம்முடையது.

குடிக்கவைக்கும் வேலை 1903இல் ஆரம்பித்தது. தோட்ட அதிபர்கள் தாங்களே கேட்டு வாங்கிய வரி அது. ஏற்றுமதியாகும் தேயிலைக்குத் தீர்வை விதித்து, அந்தப் பணத்தில் தேயிலைக்கு விளம்பரம் செய்ய ஒரு கமிட்டி அமைந்தது. தங்கள் மேல் தாங்களே வரி போட்டுக்கொண்ட முதலாளிகள் உலகத்தில் குறைவு. முதல் உலகப் போரின்போது ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக் கடைகள் முளைத்தன. டீ குடித்த தொழிலாளி அதிக நேரம் நிற்பான் என்ற கணக்கு முதலாளிகளுக்குப் பிடித்திருந்தது.

1930களின் பொருளாதார மந்தத்தில் உலகச் சந்தை படுத்தது. 1933இல் இந்தியா, இலங்கை, டச்சு இந்தியத் தீவுகள் ஆகியவை ஏற்றுமதிக்கு உச்சவரம்பு வைத்துக்கொண்டன. மிஞ்சிய சரக்கு எங்கே போவது? அப்போதுதான் இந்தியர்களின் வாய் நினைவுக்கு வந்தது. பிரசாரகர்கள் சந்தைகளுக்கும் திருவிழாக்களுக்கும் வீடுகளுக்கும் போய் இலவசமாகக் கொடுத்துப் பழக்கினார்கள். ரயில் நிலையச் சுவர்களில் டீ போடும் முறை எழுதிய பலகைகள் ஏறின. பாத்திரத்தைச் சூடாக்கு, கொதிநீரை இலை மேல் ஊற்று, சற்றுப் பொறு, பாலும் சர்க்கரையும் கோப்பையில் சேர்.

மக்கள் டீயை ஏற்றுக்கொண்டார்கள், பலகையை ஏற்றுக்கொள்ளவில்லை. இலையை மிச்சப்படுத்திப் பாலைக் கூட்டினார்கள். இஞ்சியும் ஏலக்காயும் தட்டிப் போட்டு எல்லாவற்றையும் ஒன்றாகக் கொதிக்கவைத்தார்கள். இதைக் கண்டு பிரசாரகர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். அன்றைய கண்ணோட்டத்தில் அது டீக்குச் செய்த துரோகம். அந்தத் துரோகம்தான் இன்று 'இந்திய மசாலா சாய்' என்று லண்டனிலும் நியூயார்க்கிலும் பல மடங்கு விலைக்குப் போகிறது. 1930களிலேயே அசாமில் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டும் சி.டி.சி. இயந்திரமும் வந்தது. சிறு குருணையாக வரும் அந்தத் தூள் கொஞ்சம் போட்டாலே கறுப்பாக, கடுப்பாக இறங்கும். விலையும் குறைவு. பாய்லர் வைத்த டீக் கடைக்கும் ஏழைச் சமையலறைக்கும் டீயைக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தத் தூள்தான்.

தேசியவாதிகளுக்கு இது உவப்பாக இல்லை. டீ, காபி, கோகோ எதுவுமே உடலுக்குத் தேவையில்லை என்று காந்தி உடல்நலம் பற்றிய தன் நூலில் எழுதினார். வங்க வேதியியல் அறிஞர் பிரபுல்ல சந்திர ராய் டீ குடிப்பதை எதிர்த்துத் தீவிரமாகவே எழுதினார். ஏகாதிபத்தியத் தோட்டங்களில் கூலிகளின் வேர்வையில் விளைந்த சரக்கு என்பது அவர்கள் தரப்பின் பலம். ஆனால் 1947 வந்ததும் விளம்பரக்காரர்கள் சாமர்த்தியமாகத் திரும்பிக்கொண்டார்கள். ஓவியர் அன்னதா முன்ஷி வரைந்த விளம்பரத்தில் ராட்டையருகே ஒரு பெண், கையில் தேநீர். டீ நூற்றுக்கு நூறு சுதேசி என்றது வாசகம். காந்தி வேண்டாம் என்ற பானத்துக்கு காந்தியின் ராட்டையே சாட்சி சொன்னது!

டீ சுதேசி ஆனது சரி. அதை யார் யாரோடு குடிப்பது? அங்கேதான் இந்தியா தன் பழைய கணக்கை எடுத்து வைத்தது.

சுதந்திரத்துக்கு முந்தைய வட இந்திய ரயில் நிலையங்களில் வண்டி நின்றதும் இரண்டு குரல்கள் எழும். ஒன்று 'ஹிந்து சாய்'. இன்னொன்று 'முஸ்லிம் சாய்'. தண்ணீர்ப் பானைகளும் அப்படியே இரண்டு. இலை ஒன்று, பால் ஒன்று, தண்ணீரும் பெரும்பாலும் ஒரே குழாயில் பிடித்தது. கொடுக்கும் கைதான் வேறு. தென்னகத்து ரயில் நிலைய உணவகங்களில் பிராமணர்களுக்குத் தனி இடம் இருந்தது.

இதற்கு மறுமொழி சொன்னவர்கள் சிறைக்குள் இருந்தார்கள். நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில் எல்லா மதத்தினரும் சேர்ந்து சமைத்துச் சாப்பிட்டவர்கள். போர் முடிந்து 1945-46இல் தில்லி செங்கோட்டையில் அடைக்கப்பட்டபோது அரசாங்கம் அவர்களுக்கு ஹிந்து டீ, முஸ்லிம் டீ என்று பிரித்து அனுப்பியது. பார்க்க வந்த காந்தியிடம் இதைச் சொன்னார்கள். என்ன செய்கிறீர்கள் என்று அவர் கேட்க, இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்துவிட்டுப் பிறகு எல்லோரும் குடிக்கிறோம், சாப்பாட்டுக்கும் அதே வழி என்றார்கள். டீக்கு எதிரியான கிழவருக்கு அந்தக் கலவை மிகவும் பிடித்துப்போனது.

பிரிவினைக்குப் பிறகு மதம் சொல்லிக் கூவும் குரல்கள் ஓய்ந்தன. சாதிக்குக் குரல் தேவைப்படவில்லை. கோப்பையே பேசியது.

வடக்கே டீ குடித்ததும் உடைத்துப் போடும் மண் குவளையை, குல்ஹட் என்பார்கள், இன்று சுற்றுச்சூழல் அன்பர்கள் கொண்டாடுகிறார்கள். 2004இல் ரயில்வே அமைச்சராக வந்த லாலு பிரசாத் யாதவ் நிலையங்களில் அதைக் கட்டாயமாக்க முயன்றார். குயவர்களுக்கு வேலை என்பது நோக்கம். அது மெல்ல மங்கி, 2020இல் பியூஷ் கோயல் காலத்தில் மீண்டும் பேசப்பட்டது. மண் வாசனை இனிமையானதுதான். ஆனால் ஒருமுறை குடித்த பாத்திரத்தை ஏன் உடைக்க வேண்டும்? இந்தியில் 'ஜூட்டா', தமிழில் 'எச்சில்'. முன்பின் தெரியாதவர் உதடு பட்ட பாத்திரத்தைத் தான் தொடக் கூடாது என்ற அச்சத்துக்கு மண் குவளை ஒரு மலிவான தீர்வாகவும் இருந்தது.

உடைத்துப் போட முடியாத கண்ணாடி டம்ளர் வந்த இடங்களில் வேறு ஏற்பாடு. தமிழ்நாடு, ஆந்திரம், கர்நாடகம் ஆகிய மாநிலங்களின் கிராமத்து டீக் கடைகளில் தலித்துகளுக்குத் தனி டம்ளர். அதற்கும் முன்னால் சிரட்டை. குடித்ததும் அவரே கழுவி, அதற்கென்று உள்ள இடத்தில் கவிழ்த்து வைக்க வேண்டும். பெஞ்சில் உட்காரக் கூடாது. இரட்டைக் குவளை என்று பெயர் பெற்ற இந்த முறைக்கு எதிராகச் சட்டம் புதிதல்ல. 1955ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டமே, பொது உணவகத்தில் உள்ள பாத்திரங்களைப் பயன்படுத்தவிடாமல் ஒருவரைத் தடுப்பது குற்றம் என்று பாத்திரத்தைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. அரசியல் சாசனத்துக்கு அடுத்தபடியாக டம்ளரைப் பற்றியும் சட்டம் எழுத வேண்டியிருந்த நாடு இது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கபேயின் பெயர்ப் பலகையிலிருந்து 'பிராமணாள்' என்ற சொல்லை எடுக்கச் சொல்லி பெரியார் மறியல் நடத்தினார். மாதக்கணக்கில் தொண்டர்கள் கைதானார்கள். பலகை அழிந்தது. நகரத்தில் பலகையை அழிக்க முடிந்தது. கிராமத்து டம்ளர் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் இருந்தது.

தேசியப் பயன்முறைப் பொருளாதார ஆராய்ச்சி மன்றமும் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகமும் 2011-12இல் நாடு முழுக்க 42,000 வீடுகளில் ஆய்வு நடத்தின. ஏதோ ஒரு வடிவில் தீண்டாமையைக் கடைப்பிடிப்பதாகச் சுமார் 27 சதவீத வீடுகள் தாங்களே ஒப்புக்கொண்டன. கேட்கப்பட்ட கேள்விகளில் ஒன்று, தலித் ஒருவரைச் சமையலறைக்குள் விடுவீர்களா, உங்கள் பாத்திரங்களைப் பயன்படுத்தவிடுவீர்களா என்பது. ஒப்புக்கொள்ளக் கூச்சப்பட்டவர்களைச் சேர்த்தால் எண்ணிக்கை என்ன ஆகும் என்பது அவரவர் ஊகம்.

பல ஊர்களில் இரட்டைக் குவளையை ஒழித்தது மனமாற்றமோ போலீஸோ அல்ல, பிளாஸ்டிக் கப். எல்லோருக்கும் ஒரே கப், குடித்ததும் குப்பையில். யாரும் யாரையும் தொட்ட கணக்கில் வராமல் சமத்துவம் வந்துவிட்டது. அதையும் சில ஊர்க் கடைக்காரர்கள் விட்டுவைக்கவில்லை: தெரிந்தவர்களுக்குக் கண்ணாடி டம்ளர், தலித்துகளுக்கு மட்டும் கப். கேட்டால் அது சுகாதாரமாம். கள ஆய்வுகள் இதைப் பதிவு செய்திருக்கின்றன.

டீயைக் குடிப்பவர்கள் கதை இது. பறிப்பவர்கள் கதை இதைவிடக் கசப்பு. அசாம் தோட்டங்களுக்கு சோட்டா நாக்பூர், ஒரிசா பகுதிகளிலிருந்து தரகர்கள் ஆள் பிடித்துக் கொண்டுபோனார்கள். 1921 மே மாதம், கூலி போதாமல் சர்கோலா, லோங்காய் பள்ளத்தாக்குத் தோட்டங்களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் காந்திக்கு ஜே போட்டபடி ஊர் திரும்பக் கிளம்பினார்கள். சாந்த்பூர் ரயில் நிலையத்தில் இரவில் கூர்க்கா சிப்பாய்கள் அவர்களை அடித்து விரட்டினார்கள். அதைக் கண்டித்து ரயில்வே ஊழியர்களும் படகுத் தொழிலாளர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். அவர்களுடைய பேரப் பிள்ளைகள் இன்றும் அசாமில் கொழுந்து பறிக்கிறார்கள். ஜார்க்கண்டில் இருக்கும் முண்டா, ஒராவோன், சந்தால் உறவினர்கள் பழங்குடிப் பட்டியலில். அசாமுக்கு வந்தவர்களின் வாரிசுகளை வைத்தது பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். பட்டியல் மாற்றம் பல தேர்தல்களின் வாக்குறுதி. பிரம்மபுத்திரா பள்ளத்தாக்கில் நாள் கூலி 2023 அக்டோபரில்தான் 250 ரூபாயைத் தொட்டது. தோட்டத்து மக்கள் குடிப்பது பால் இல்லாத கறுப்புத் தேநீர்; அதில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. வெயிலில் வேர்த்து வேலை செய்தவர்களுக்கு ஏற்பட்ட பழக்கம் இப்போது ரத்த அழுத்தமாகத் தலையெடுக்கிறது என்கிறார்கள் மருத்துவ ஆய்வாளர்கள்.

தெற்கே மூணாறு தோட்டங்களின் லயங்களில் வாழ்பவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பலர் தலித்துகள். 2015 செப்டம்பரில் 20 சதவீதமாக இருந்த போனஸ் பாதியாகக் குறைந்தபோது பெண்கள் தெருவில் இறங்கினார்கள். கட்சித் தொழிற்சங்கத் தலைவர்களைப் பக்கத்தில் வராதே என்று துரத்திவிட்டு, 'பெண்கள் ஒற்றுமை' என்று தங்களுக்குத் தாங்களே பெயர் வைத்துக்கொண்டு மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்தார்கள். ஒன்பது நாளில் 20 சதவீதம் திரும்பக் கிடைத்தது. 232 ரூபாயாக இருந்த நாள் கூலியை 500 ஆக்கச் சொல்லி மீண்டும் போராடினார்கள். அக்டோபரில் 301 ரூபாய் என்று முடிவானது.