தூரமும் காலமும்

இரு நகரங்களுக்கு இடையே உள்ள தூரம் யாது என்று வினவுவார்க்கு மைற்கணக்கில் விடை கூறுதல் எளிது. ஆனால் அத்தூரத்தைக் கடக்க எவ்வளவு காலம் செல்லும் என்னும் வினாவுக்கு அங்ஙனம் ஒரே விடை கூறுதல் இயலாது. இவ்வுண்மையை, ஆஸ்திரேலியாவின் மேற்கிலுள்ள பெர்த் நகரையும் இங்கிலாந்தின் தலைநகராகிய இலண்டனையும் கொண்டு ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

முதற்கண் தூரத்தை நோக்குவோம். தேசப்படத்தில் அளவுகோல் வைத்து நேர்கோடு இழுத்து அளப்பது பிழையாம். பூமி உருண்டையாதலின் என்க. உருண்டையின்மீது இரு புள்ளிகளுக்கு இடையே நூலொன்றை இறுகப் பிடித்தால், அந்நூல் கிடக்கும் வழியே மிகக் குறுகிய வழியாகும். பூமியின் நடுவினின்று நோக்குமிடத்து, இவ்விரு நகரங்களும் ஏறக்குறைய 130 பாகைக் கோணத்தில் அமைந்துள்ளன. பாகை ஒன்றுக்கு ஏறத்தாழ 69 மைல் ஆதலின், இடைத்தூரம் சுமார் 9,000 மைல் ஆகின்றது.

இனிக் காலத்தை நோக்குவோம். விமானங்கள் பறக்கும் உயரத்தில், வெப்பமண்டலத்திற்கு அப்பாலுள்ள பகுதிகளில், மேற்கினின்று கிழக்காகப் பெருங்காற்று வீசுகின்றது. அது கிழக்கே செல்லும் விமானத்தை உந்தும். மேற்கே செல்வதைத் தடுக்கும். ஆதலின் இலண்டன் செல்லும் பயணத்தினும் பெர்த்துக்கு மீளும் பயணம் பொதுவாகக் குறுகியது. கடிகாரமும் நம்மை மயக்கவல்லது. பெர்த்தில் மாலை 7 மணிக்குப் புறப்படும் ஒருவர், கோடைகாலத்து இலண்டனில் மறுநாட் காலை 5 மணிக்கு இறங்கினால், சென்றது 10 மணி நேரமன்று. இரு நகரங்களின் கடிகாரங்களுக்கும் உள்ள 7 மணி வேற்றுமையையும் கூட்ட, 17 மணியாம்.

இவ்வேகம் எளிதில் வந்ததன்று. 1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாகவே, ஆஸ்திரேலியாவையும் இங்கிலாந்தையும் இணைத்த வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943-ஆம் ஆண்டு முதல் 1945 வரை, குவான்டாஸ் நிறுவனத்தார் கட்டலீனா என்னும் கடல் விமானங்களைப் பெர்த்தினின்று இலங்கையில் காலி நகருக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவிக்குச் செலுத்தினர். நெடிய அவ்வழியில் எங்கும் இறங்க இடமில்லை. பகைவர் அறியாவண்ணம் வானொலியை அடக்கி, விண்மீன்களையே துணையாகக் கொண்டு சென்றனர். 27 முதல் 33 மணி வரை நீடித்த அப்பயணத்தில் ஞாயிறு இருமுறை உதிப்பதைக் கண்டமையின், அது 'இரட்டைச் சூரியோதயம்' எனப் பெயர் பெற்றது. எரியெண்ணெயின் சுமை மிகுதியால் பயணிகள் மூவருக்கு மேல் ஏற இயலவில்லை. எனினும் 271 முறை அக்கடலைக் கடந்தும் ஒரு விமானமேனும் இழக்கப்பட்டிலது.

1947 டிசம்பரில் சிட்னியினின்று இலண்டனுக்குத் தொடங்கிய விமானப் போக்குவரத்து, இடையிடையே தங்கி நான்கு நாள் கொண்டது. 2018 மார்ச்சில் பெர்த்தினின்று புறப்பட்ட போயிங் 787 விமானமோ, எங்கும் இறங்காமல் சுமார் 17 மணியில் இலண்டனை அடைந்தது. தூரம் அன்றிருந்ததே. எரியெண்ணெயைச் சுமப்பதற்கே எரியெண்ணெய் செலவாகும் என்னும் இடர்ப்பாடும் அன்றிருந்ததே. சிக்கனமான பொறிகளும் இலேசான உடலுமே வேறுபாடு.

ஆதலின், பயணச்சீட்டில் 17 மணி என்று அச்சிட்டிருப்பதைக் காணுங்கால், அஃது இயற்கை வகுத்த அளவன்று என்பதை நாம் மறத்தலாகாது. தூரம் இயற்கை தந்தது. காலமோ, இருளில் விண்மீன் பார்த்து வழி கண்டாரும், பொறி செய்தாரும் சிறிது சிறிதாகக் குறைத்து நமக்கு அளித்த கொடையாம்.