கம்பியின்றி வந்த கடற்செய்தி

பிள்ளைச்சாவடிக் கடற்கரையில் நின்று கிழக்கே நோக்குங்கள். ஏறத்தாழ 4.5 கிலோமீட்டர் வரைதான் கடற்பரப்பு நம் கண்ணுக்குத் தெரியும். அதற்கப்பால் புவியின் வளைவு மறைத்துவிடும். 25 மீட்டர் உயரக் கோபுரத்தில் ஏறினாலோ 18 கிலோமீட்டர் வரை தெரியும்.

1 முதல் 10 மீட்டர் வரை அலைநீளமுள்ள வானொலி அலைகளும் ஒளியைப் போலப் பெரும்பாலும் நேர்க்கோட்டிலேயே செல்கின்றன. வி.எச்.எஃப். எனப்படும் இவ்வலைகளுக்கு உயரமான ஏரியல் தேவைப்படுவது இதனால்தான். இரண்டு ஊர்களிலும் ஏரியலை உயர்த்திவிட்டால் இடையே கம்பி இழுக்கும் செலவு இல்லை.

1998-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிச் சிற்றூர்களை இம்முறையில் இணைக்கத் தொடங்கியது. கடல் அலைகளின் உயரம் பற்றிய முன்னறிவிப்பை வில்லியனூர் மையம் இணையத்தில் பெற்று, வானொலி அலை வழியே வீராம்பட்டினத்துக்கு அனுப்பியது. அங்கே ஒலிபெருக்கி அதை மீனவருக்கு அறிவித்தது.

2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து நல்லவாடு கிராமத்துக்குத் தொலைபேசியில் ஓர் எச்சரிக்கை வந்தது. சுனாமி வருமுன் ஊரார் வெளியேறுவதற்கு உதவியது, அங்கிருந்த அறிவு மையத்தின் ஒலிபெருக்கியே.

கடல் கடந்து வந்த செய்தியும் கடைசியில் ஊரார் காதில் விழவேண்டும். கோபுரம் எழுப்புவோர் அந்த ஒலிபெருக்கியையும் மறத்தல் ஆகாது.