லூயிஷாம் வீதியில் புதையல் தேடியவர்கள்

எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு: நார்னியா வாசிக்கலாம், ஹரி பொட்டர் வாசிக்கக் கூடாது. இரண்டிலும் மந்திரம் இருக்கிறதே அம்மா என்று கேட்டால், "அது வேற, இது வேற" என்பார். உங்களில் பலருடைய வீட்டிலும் இதே சட்டம்தான் என்று எனக்குத் தெரியும். இந்தக் கோடை விடுமுறையில் என் பதினொரு வயதுத் தம்பிக்கு மூன்று புத்தகங்களை வாசித்துக் காட்டினேன். ஒரு கதையில் மந்திரம் இருக்கிறதா என்பது முதலில் பார்க்க வேண்டிய விஷயமே இல்லை என்று இப்போது தோன்றுகிறது.

முதலாவது, சி. எஸ். லூயிஸின் 'தி ஹோர்ஸ் அண்ட் ஹிஸ் போய்' (1954). பேசும் குதிரைகள், பாலைவனப் பயணம், மூச்சுவிட நேரமில்லை. ஆனால் எதிரி நாடான கலோர்மனில் இருப்பவர்களுக்குக் கறுத்த தோல், தலைப்பாகை. நார்னியாக்காரருக்கு வெள்ளைத் தோல். சிறுவயதில் இதை நான் கவனிக்கவேயில்லை. தம்பிக்குச் சத்தமாக வாசிக்கும்போது நாக்குத் தடுமாறியது. கதையின் துணிச்சல்காரி அராவிஸும் கலோர்மன் பெண்தான், உண்மை. அவளுக்காக அந்தப் புத்தகத்தை வைத்துக்கொள்கிறேன். மற்றதைப் பரவாயில்லை என்று சொல்லமாட்டேன்.

அந்த மனக்குறைக்கு மருந்து, இலங்கையில் பிறந்த நிஸ்ரானா ஃபாரூக் எழுதிய 'தி கேர்ள் ஹூ ஸ்டோல் அன் எலிபன்ட்' (2020). அரசியின் நகைகளைத் திருடிவிட்டு, அரசனின் யானையோடு காட்டுக்குள் தப்பி ஓடும் சாயா. மந்திரம் இல்லை, களவு உண்டு. அம்மா ஒன்றும் சொல்லவில்லை!

மூன்றாவது புத்தகம் கிடைத்த கதை வேறு. லூயிஸின் 'தி மஜிஷியன்ஸ் நெஃப்யூ' (1955) தொடங்கும் இடத்திலேயே நம்முடைய லூயிஷாம் வீதி வருகிறது, கவனித்திருக்கிறீர்களா? அங்கே பாஸ்டபிள் பிள்ளைகள் புதையல் தேடிய காலத்தில் தன் கதை நடந்ததாக அவர் சொல்கிறார். யார் இந்தப் பிள்ளைகள் என்று தேடினேன். இ. நெஸ்பிட் 1899இல் எழுதிய புத்தகத்துப் பிள்ளைகளாம். நெஸ்பிட் லூயிஷாம் எல்ஸ்விக் வீதியில் குடியிருந்து, பிறகு எல்தமுக்குப் போனவர். லூயிஸ் சிறுவயதில் விரும்பி வாசித்த எழுத்தாளர்.

அவருடைய 'ஹார்டிங்ஸ் லக்' (1909) நியூ குரொஸில் தொடங்குகிறது. டிக்கி ஹார்டிங் தாய் தகப்பன் இல்லாத பிள்ளை. ஒரு கால் வழங்காது, ஊன்றுகோலோடு நடக்கிறான். வீட்டைவிட்டுப் பீல் என்ற நாடோடியோடு கிளம்புகிறான். பீல் அவனைப் பிச்சைக்கும் பயன்படுத்துகிறான், களவுக்கும் பயன்படுத்துகிறான். ஆனாலும் இருவருக்கும் இடையில் ஒரு பாசம் வளர்கிறது. பிறகு நிலாப்பூ விதைகளின் மந்திரத்தால் டிக்கி முதலாம் ஜேம்ஸ் அரசனின் காலத்து டெட்ஃபோர்டில் கண்விழிக்கிறான். அங்கே பெரிய வீடு, தோட்டம், அன்பான தாதி. கால் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஓடுகிறான்.

அங்கேயே இருந்துவிடலாம். ஆனால் பீலுக்குக் கொடுத்த வாக்கு இருக்கிறது. அதற்காக அந்த நல்ல கால்களை விட்டுவிட்டு, தன் ஊன்றுகோலுக்கும் ஏழ்மைக்கும் திரும்பி வருகிறான். பழைய டெட்ஃபோர்டில் கற்ற மரச்செதுக்கு வேலையால் இருவருக்கும் சோறு கிடைக்கிறது. இந்த இடத்தில் வாசிப்பை நிறுத்திவிட்டேன், தொண்டை அடைத்தது. கதவடியில் துணி மடித்துக்கொண்டு நின்ற அம்மா, "ஏன் நிப்பாட்டினாய்? வாசி" என்றார்.

முடிவுதான் எனக்குப் பிடிக்கவில்லை. தன்னால் இன்னொரு குடும்பம் சொத்தை இழக்கக் கூடாது என்று டிக்கி கடைசியில் பழைய காலத்துக்கே போய்விடுகிறான். பெரிய தியாகம் என்று நெஸ்பிட் காட்டுகிறார். ஆனால் என் தம்பியும் காலில் ஸ்ப்ளின்ட் போட்டு நடப்பவன். அவன் கேட்டான்: "அப்போ, கால் அப்படியே இருக்க, அவனுக்கு இங்க சந்தோஷமா இருக்க ஏலாதா, அக்கா?"

எனக்குப் பதில் வரவில்லை. 1909இல் எழுதியது என்று சொல்லிச் சமாளித்தேன். அவன் சமாதானமாகவில்லை.

நெஸ்பிட் 1924இல் இறந்தவர். ஆகவே பதிப்புரிமை முடிந்துவிட்டது, இலவசமாகவே வாசிக்கலாம். இதே கதையின் மறுபக்கம் 'தி ஹவுஸ் ஒஃப் ஆர்டன்' (1908), அதை முதலில் வாசித்தால் நல்லது. வாசித்தவர்கள் ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் மேசைப் பக்கம் வாருங்கள். தம்பி இன்னும் அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறான்.