பொருத்தமான சன்னம்: வேட்டைக் கருவியும் வர்க்க வரலாறும்

பெருவிலங்கு வேட்டைக்கு எத்தகைய றைபிள் சன்னம் பொருத்தமானது என்னும் வினா, முதல் நோக்கிற் பொழுதுபோக்காளரின் வினாவாகவே தோன்றும். சமுதாயத்தையும் இலக்கியத்தையும் ஆராயும் ஏடொன்றில் அதற்கு என்ன இடம் என்று கேட்போரும் உளர். ஆயின், உற்பத்திக் கருவிகளைப் போன்றே கொலைக் கருவிகளும் தம்மை ஆக்கிய சமுதாயத்தின் உறவுகளைத் தம்முட் பொதிந்து வைத்துள்ளன. எந்த உடலுக்கு எந்தச் சன்னம் பொருந்தும் என்பதைப் பௌதிகவியலும் உடலமைப்பியலும் விளக்கும். அதனைத் தெரிவுசெய்யும் வாய்ப்பு எவருக்கு இருந்தது என்பதை வரலாறே விளக்கும். இவ்விரண்டையும் இணைத்து நோக்க இங்கு முயல்வோம்.

1. ஊடுருவலும் விரிதலும்

புறநானூற்றின் 152ஆம் செய்யுளில், வல்வில் ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலி, மான், பன்றி ஆகியவற்றை ஊடுருவிச் சென்று, புற்றிலிருந்த உடும்பிற் தைத்ததாக வன்பரணர் பாடுகின்றார். இது உயர்வு நவிற்சி என்பதில் ஐயமில்லை. எனினும் எறிபொருளின் ஆற்றலை அது ஊடுருவும் ஆழத்தைக் கொண்டு அளவிடும் நோக்கு அப்பாடலில் உள்ளமை மனங்கொளத்தக்கது. விலங்கைக் கொல்வது ஓசையுமன்று, கருவியின் பருமனுமன்று. மூளை, இருதயம், நுரையீரல் ஆகிய உயிர்நிலைகளில் ஒன்றை எறிபொருள் சென்றடைதலேயாகும்.

நவீன சன்னத்தின் அமைப்பு இரு முரணான தேவைகளுக்கிடையே தீர்மானிக்கப்படுகின்றது. மான், மரை, சிறுத்தை முதலிய மென்தோல் விலங்குகளுக்கு முனை விரியும் சன்னம் ஏற்றது. உறையால் மூடப்படாத அதன் ஈயமுனை தசையிற் பட்டதும் காளான்போல் விரிந்து, தன் சக்தியின் பெரும்பகுதியை உடலினுள்ளேயே செலவிடுகின்றது. யானைக்கு இது பொருந்தாது. யானையின் மூளை, காற்றறைகள் நிறைந்த பருத்த தலையோட்டின் பின்புறத்தே அமைந்திருக்கின்றது. விரியும் சன்னம் அந்த என்பிற் சிதைந்து, மூளையை அடையாமலே நின்றுவிடும். ஆகவே முற்றாக உறையிடப்பட்ட, விரியாத திண்சன்னமே யானைக்குரியது. மறுதலையாக, திண்சன்னம் மானின் உடலைத் துளைத்து மறுபுறம் வெளியேற, அவ்விலங்கு நெடுந்தூரம் ஓடிக் கண்காணாத இடத்தில் வருந்தி இறத்தலும் கூடும். தவறான தெரிவின் விலையைச் செலுத்துவது விலங்கே.

2. அளவிலிருந்து அமைப்புக்கு

இவ்வறிவு ஒரே நாளிற் பெறப்பட்டதன்று. அதன் முக்கிய சோதனைக் களங்களுள் ஒன்றாக இலங்கைக் காடு அமைந்தது. 1848 முதல் 1855 வரை நுவரெலியாவில் வாழ்ந்த சாமுவேல் பேக்கர், தமது இலங்கை வேட்டை அனுபவங்களை 1854இல் நூலாக வெளியிட்டார். 1840இல் பிறிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பார் அவருக்குச் செய்துகொடுத்த றைபிளின் நிறை 21 இறாத்தல். அதன் குண்டு 3 அவுன்சு, அதாவது ஏறத்தாழ 85 கிராம். கருமருந்தின் உந்துவிசைக்கு எல்லையுண்டு. வேகத்தைக் கூட்ட இயலாதபோது நிறையைக் கூட்டுவதே வழியாயிற்று. தூய ஈயம் என்பிற் பட்டுத் தட்டையாகுமாதலின், வெள்ளீயமோ பாதரசமோ கலந்து அதனை வன்மைப்படுத்தினர்.

1880களில் நிலைமை மாறியது. 1884இல் பிரான்சிய வேதியியலாளர் போல் வியேல் புகையற்ற வெடிமருந்தை உருவாக்கினார். சன்னத்தின் வேகம் பெருகவே, வெற்று ஈயம் குழலின் சுரிதடங்களைப் பற்றி நிற்க இயலாது உரியலாயிற்று. அதனாற் சன்னத்துக்கு உலோக உறை இன்றியமையாததாயிற்று. அதன் விளைவு வியப்புக்குரியது. ஆபிரிக்காவில் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்ற வோல்டர் பெல், அவற்றுட் பெரும்பாலானவற்றை 7 மில்லிமீற்றர் விட்டமும் ஏறத்தாழ 11 கிராம் நிறையும் கொண்ட திண்சன்னத்தால் வீழ்த்தினார். அவர் யானைத் தலையோட்டை அறுத்து ஆராய்ந்து மூளையின் இருப்பிடத்தை அறிந்திருந்தார். 85 கிராம் செய்த வேலையை 11 கிராம் செய்தது.

உடலமைப்பறிவின் முக்கியத்துவத்தைப் பேக்கரின் அனுபவமும் காட்டுகின்றது. இலங்கை யானையை நெற்றியிற் சுட்டு வீழ்த்திய அவருக்கு, தலையோட்டின் வடிவம் வேறான ஆபிரிக்க யானையிடத்து அம்முறை பயன்படவில்லை.

3. பண்டமாயிருந்த யானை

இத்துணை யானைகள் ஏன் சுடப்பட்டன? இங்கேதான் தொழினுட்ப விளக்கம் நின்றுபோக, சமுதாய விளக்கம் தொடங்குகின்றது. ஒல்லாந்தர் காலத்தில் வன்னி யானை ஏற்றுமதிப் பண்டம். வன்னிமைகள் யானைகளைத் திறையாகச் செலுத்தின. அவை உயிருடன் ஆனையிறவைக் கடந்து குடாநாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இந்திய வணிகருக்கு விற்கப்பட்டன. ஆனையிறவு என்ற பெயரே அவ்வணிகத்தின் சுவடாகும். செத்த யானைக்கு அன்று சந்தையில்லை. எனவே சன்னத்துக்கும் வேலையில்லை.

பிரித்தானியர் ஆட்சியில் இந்நிலை தலைகீழாயிற்று. இலங்கை யானைகளுட் தந்தமுடையவை மிகச் சிலவேயாதலின், தந்தத்தின் பொருட்டு இக்கொலைகள் நிகழ்ந்தன எனல் இயலாது. பயிர்ச்செய்கைக்கு இடையூறு என ஒருபுறமும், ஆளும் வர்க்கத்தின் வீர விளையாட்டு என மறுபுறமும் யானை இலக்காக்கப்பட்டது. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் றொஜர்ஸ் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகக் கூறப்படும். தலைக்குச் சில சிலிங் சன்மானம் வழங்கப்பட்டதால், 1848க்கு முந்திய மூன்றாண்டுக்கும் குறைந்த காலத்தில் வடமாகாணத்தின் ஒரு பகுதியில் மட்டும் 3,500 யானைகள் அழிக்கப்பட்டன என்பதைக் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்த எமேசன் ரெனன்ற் 1859இல் வெளியிட்ட நூலிற் பதிவுசெய்துள்ளார். தடம் பார்த்தோரும் மாற்றுத் துவக்குகளைச் சுமந்து நின்றோரும் இந்நாட்டு மக்களே. நூல்களில் வீரம் எசமானுக்கே உரியதாயிற்று.

4. விலங்கிலிருந்து மனிதனுக்கு

உறையிட்ட சிறு சன்னம் இராணுவத்தின் கைக்கு வந்தபோது, பிரித்தானியர் ஒரு குறையைக் கண்டனர். 1895ஆம் ஆண்டுச் சித்ரால் படையெடுப்பில், அது எதிரியைத் துளைத்துச் சென்றதேயன்றி உடனே வீழ்த்தவில்லை என முறையிடப்பட்டது. கல்கத்தாவை அடுத்த டம்டம் படைக்கலச் சாலையில், முனையில் ஈயம் வெளித்தெரியும் சன்னம் இதற்கு விடையாக ஆக்கப்பட்டது. மென்தோல் விலங்குக்குரிய வேட்டைத் தத்துவம் மனித உடலுக்குப் பிரயோகிக்கப்பட்டது. 1898இல் சூடானின் ஓம்துர்மான் போர்க்களத்திலும் விரியும் சன்னங்கள் பாய்ந்தன.

1899இல் ஹேக் மாநாடு இத்தகைய சன்னங்களைப் போரிலிருந்து விலக்க முற்பட்டபோது, பிரித்தானியப் பிரதிநிதி சேர் ஜோன் ஆர்டா அதனை எதிர்த்தார். நாகரிகமடைந்த படைவீரன் காயம்பட்டதும் ஓய்வான், காட்டுமிராண்டியோ தொடர்ந்து பாய்ந்து வருவான் என்பதே அவர் வாதத்தின் சாரம். விலங்குகளைத் தோலின் தன்மைகொண்டு வகுத்த வேட்டைக்காரரின் பாகுபாடு, இவ்வாறு மக்களினங்களை வகுக்கும் பாகுபாடாக உருமாறியது. பிரித்தானியா 1907இலேயே அப்பிரகடனத்தை ஏற்றது. அதுவும், உடன்பட்ட அரசுகள் தமக்குள் நிகழ்த்தும் போருக்கு மட்டுமே பொருந்துவது. குடியேற்ற நாட்டு மக்களின் உடல்கள் அதன் காப்புக்குப் புறத்தேயே நின்றன.

5. தெரிவு அற்றவர்

இன்று இலங்கையில் யானையைச் சுடுவது சட்டப்படி குற்றம். 1937ஆம் ஆண்டின் விலங்கினத் தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் அதற்கு அடிப்படை. எனினும் 2023இல் மட்டும் 400க்கு மேற்பட்ட யானைகள் இந்நாட்டில் இறந்தன. துவக்குச் சூடு அதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்று. அதே மோதலில் ஆண்டுதோறும் மனிதரும் பெருந்தொகையாக மாள்கின்றனர்.

இங்கே சுடுபவர் பேக்கருமல்லர், பெல்லுமல்லர். ஓரிரவில் ஒரு போகத்து நெல்லை இழக்கும் கமக்காரர். அவர் கையிலிருப்பது சிறு குண்டுகள் நிரப்பிய வேட்டைத் துவக்கு, அல்லது இரும்புத் துண்டுகள் இட்டிடித்த இடியன். அச்சிறு குண்டு யானையின் உயிர்நிலையை அடையாது. காயம் சீழ்கொள்ள, யானை பல நாள் வருந்தி இறக்கின்றது. இறக்குமுன் வெறிகொண்டு மனிதரைத் தாக்குதலும் உண்டு. பொருத்தமான சன்னத்தைத் தெரிவுசெய்து துன்பமின்றிக் கொல்லல் என்னும் வேட்டை அறம், ஓய்வும் செல்வமும் உடைய வர்க்கத்தின் அறமே என்பது இதனாற் புலனாகும். வறுமைக்குத் தெரிவு இல்லை.

ஆயினும் கமக்காரருக்குச் சிறந்த சன்னத்தை வழங்குதல் தீர்வாகாது. யானையின் வழித்தடங்களை விலக்கிக் குடியேற்றங்களைத் திட்டமிடுதல், வயலையும் ஊரையும் சுற்றி மின்வேலியிட்டு அதனை ஊராரின் பொறுப்பிற் பேணுதல், பயிரழிவுக்குத் தாமதமின்றி இழப்பீடு வழங்குதல் ஆகியனவே வேண்டப்படுவன. பொருத்தமான சன்னம் எது என்ற வினாவுக்குத் தொழினுட்பம் என்றோ விடை கண்டுவிட்டது. கமக்காரரும் யானையும் எதிரெதிரே நிற்குமாறு நிலத்தைப் பங்கிட்டது யார் என்ற வினாவோ இன்னும் எம்முன் நிற்கின்றது.