பழைய படகு மோட்டார்களைப் பேணும் முறை

பழுதடைந்த இயந்திரத்தைக் கண்டால் பழைய இரும்பு வியாபாரியைத் தேடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. கிணற்றடியில் துருவேறிய ஆயில் என்ஜினாயினும், கடற்கரை மணலில் கிடக்கும் படகு மோட்டாராயினும், எடைக்குப் போட்டுக் காசாக்கிவிடுகிறோம். அமெரிக்க நாட்டிலோ, நூறாண்டுகளுக்கு முன் செய்யப்பட்ட படகு மோட்டார்களைத் தேடிச் சேகரித்து, பழுது நீக்கி, மீண்டும் ஏரிகளில் ஓட்டுபவர் பலர் உளர். அவர்கள் கையாளும் முறைகள் நமக்கும் பயன் தரத்தக்கவை.

மோட்டார் தோன்றிய வரலாறு

படகின் பின்புறப் பலகையில் மாட்டி, வேலை முடிந்ததும் கழற்றி எடுத்துச் செல்லக்கூடியது அவுட்போர்டு மோட்டார். டெட்ராயிட் நகரைச் சார்ந்த காமிரன் வாட்டர்மன் 1906-ஆம் ஆண்டளவில் இத்தகைய மோட்டாரை விற்பனைக்குச் செய்யத் தொடங்கினார். நார்வேயில் பிறந்து, விஸ்கான்சின் மாநிலத்து விவசாயக் குடும்பத்தில் வளர்ந்த ஓலே எவின்ரூடு 1909-ல் மில்வாக்கி நகரில் தமது தொழிலை நிறுவினார். அவருடைய முதல் மோட்டார் ஒரே சிலிண்டரும் 1½ குதிரை சக்தியும் கொண்டது. எடை 62 பவுண்டு. வியாபாரப் பொறுப்பை அவர் மனைவி பெஸ் ஏற்று நடத்தினார். 1921-ல் அலுமினியத்தைப் பெரிதும் பயன்படுத்தி, இரண்டு சிலிண்டர் கொண்ட 'எல்டோ' என்னும் இலேசான மோட்டாரை எவின்ரூடு வெளியிட்டார். அவர் பெயர் தாங்கிய மோட்டார்களின் உற்பத்தி 2020-ல் நின்றுபோயிற்று.

பழுது நீக்கும் முறை

நெடுநாள் கிடந்த மோட்டாரை எடுத்தவுடன் கயிற்றைச் சுற்றி இழுத்தல் கூடாது. பிஸ்டன் இறுகியிருந்தால், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, துரு இளக்கும் எண்ணெயைச் சிலிண்டரில் விட்டுப் பல நாட்கள் ஊறவைக்க வேண்டும். பொறுமையின்றிச் சுத்தியலால் அடித்து உடைத்துவிட்டால், அந்தப் பாகம் இன்று எக்கடையிலும் கிடைக்காது.

அடுத்து, தீப்பொறி தரும் மாக்னெட்டோவைக் கவனிக்க வேண்டும். அதன் முனைகளில் படிந்துள்ள களிம்பைத் துடைத்து, காப்பு வெடித்த காயில் இருந்தால் மாற்ற வேண்டும்.

கார்புரேட்டரிலுள்ள மிதவை, பழைய மோட்டார்களில் பெரும்பாலும் அரக்குப் பூசிய தக்கையால் ஆனது. இக்காலப் பெட்ரோலில் எதனால் என்னும் எரிசாராயம் கலந்திருப்பதால் அரக்கு கரைந்துவிடும். பிறகு தக்கை பெட்ரோலை உறிஞ்சி அமிழும். கார்புரேட்டர் பொங்கி வழியும். ஆகவே, எரிசாராயத்தால் கரையாத பூச்சு இடுதல் அவசியம்.

இம்மோட்டார்களில் மசகெண்ணெய்க்குத் தனி இடம் இல்லை. அதைப் பெட்ரோலுடனேயே கலக்க வேண்டும். புதிய மோட்டார்கள் பலவற்றுக்கு 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய் போதும். பழையவற்றில் பலவற்றுக்கு 16 பங்குக்கு 1 பங்கு வேண்டும். சிக்கனம் கருதிக் குறைத்தால் பித்தளைத் தாங்கிகள் தேய்ந்துபோகும்.

கியர் பெட்டியின் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், உள்ளே நீர் புகுந்துள்ளது என அறியலாம். இவையெல்லாம் சீரான பின், நீர் நிரம்பிய பீப்பாயில் வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். குளிர்விப்பது தண்ணீரே ஆதலால், வெறுந்தரையில் ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கெடும்.

ஒன்றைப் பிரித்து ஒன்றைக் காத்தல்

சேகரிப்போர்க்கு ஒரு சங்கடமும் உண்டு. ஒரு மோட்டாரை ஓடச்செய்ய மற்றொன்றைப் பிரிக்க நேர்கிறது. அபூர்வமானதைப் பிரித்தால் அது திரும்ப வராது. ஆகவே, 1965-ல் அவர்கள் ஒரு சங்கம் கண்டு, உதிரி பாகங்களையும் விளக்கப் புத்தகங்களையும் தமக்குள் பகிர்ந்துகொள்கின்றனர். தனியொருவரால் இயலாதது கூட்டுறவால் இயல்கிறது.

நாம் செய்யத்தக்கது

நம் கிராமங்களில் பழைய என்ஜின்களின் நுட்பம் அறிந்த முதியவர்கள் சிலரே எஞ்சியுள்ளனர். இரும்பு போனால் விலைக்கு வாங்கலாம். அவர்கள் கைத்திறன் போனால் வாங்க முடியாது. ஊரில் ஓடாது கிடக்கும் என்ஜின் ஒன்றைப் பஞ்சாயத்து பெற்று, அம்முதியவர் முன்னிலையில் இளைஞர்கள் பிரித்துப் பூட்டிப் பழக ஏற்பாடு செய்யலாம். ஒவ்வொரு பாகத்தின் பெயரையும் பழுதையும் ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். கடலோரச் சிற்றூர்களில், உப்புநீரில் ஓடிய மோட்டாரை அன்றன்றே நன்னீரால் கழுவும் பழக்கத்தை வற்புறுத்தலாம். இதற்குப் பெருஞ்செலவு தேவையில்லை. அக்கறையுள்ள அங்கத்தினர் ஒருவர் முன்வந்தால் போதும்.